நேரடியாக அல்ல

மார்த்தாண்டத்தில்,
தையல் மெஷின் கடைக்கு மேலே என் அலுவலகம்.
ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தின் இரும்பு விலா.
லாரி போனால் திரையில் எழுத்து நடுங்கும்.
மேலே போகிறவர்களுக்கு
கீழே கடை இருப்பது தெரியாது.

விஜிலா உட்காரும் முன்னமே கேட்டாள்:
"எனக்க தேன் எங்க போச்சு?"

செவ்வாய் ராத்திரி வரை மூன்றாம் இடம்.
புதன் காலை நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று என்றால் ஐந்தாம் பக்கம்.
வழி தவறியவர்கள்கூட அங்கே வருவதில்லை.

தேடுபொறிக் கம்பெனி
தளம் வைத்திருப்பவர்களுக்குச் சொன்ன அறிவுரையை
அச்செடுத்து, ஞாயிறு பள்ளி நோட்டுக்குள் வைத்து
வரிக்கு வரி பென்சிலில் டிக் போட்டிருந்தாள்.
பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும். திறந்தது.
போனில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிந்தது.
படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்:
"ரப்பர் மரங்களுக்கு நடுவே பதினாறு தேன்பெட்டிகள்,
ஒன்றுக்கு மட்டும் நீல மூடி."
சுட்டிகளை விலைக்கு வாங்கக் கூடாது. வாங்கவில்லை.
எங்களுக்காக எழுதாதீர்கள், மனிதர்களுக்காக எழுதுங்கள்.
எழுதினாள்,
ரப்பர் தளிர் விடும் மாதத்துத் தேன்
ஏன் புட்டிக்குள் சீக்கிரம் உறைகிறது,
உறைந்தால் சீனிப்பாகு என்று ஏன் சந்தேகப்படக் கூடாது,
எல்லாம்.

நட்டாலம் ரோட்டு டென்சிங்
ஆறாயிரம் ரூபாய்க்கு இருநூறு சுட்டி வாங்கினான்.
பாதி சூதாட்டத் தளம்.
ஒன்று, எந்த ஊரிலோ நாய்க்கு முடி வெட்டுகிறவருடையது.
முதலிடத்தில் அவன்தான்.
அவனுக்குச் சொந்தமாக ஒரு தேன்பெட்டி கிடையாது.

கம்பெனியின் பதில்களை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.
"விலைக்கு வாங்கிய சுட்டிகளைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை."
"யார் எதைச் சொடுக்கினார்கள் என்பதை
நேரடியாகப் பயன்படுத்துவதில்லை."
"பெரும்பாலான தளங்கள் கவலைப்பட வேண்டியதில்லை."
ஒன்றைக்கூடப் பொய் என்று நிரூபிக்க முடியாது.
பொதுவாக. நேரடியாக. பெரும்பாலான.
வாக்கியத்துக்கு ஒரு பின்வாசல்.

குளச்சலில் என் மைத்துனன் விசைப்படகு ஓட்டுகிறான்.
வானிலை அறிக்கை தப்பினால் கெட்ட வார்த்தையில் திட்டுவான்,
மறுநாளும் காது கொடுப்பான்.
அறிக்கை வாசிக்கிறவருக்குக் காற்று சொந்தமில்லை,
மழை வந்தால் அவரும் குடை தேட வேண்டும்.
இங்கே
காற்றை வீசுகிறவனே அறிக்கையும் வாசிக்கிறான்.
கரையில் முதல் நான்கு இடத்தை
விளம்பரத்துக்கு வாடகைக்கு விடுகிறான்.
பிறகு நம்மிடம் அன்பாகச் சொல்கிறான்,
நல்ல படகாகக் கட்டு.

"பின்னே என்னத்துக்கு
இதெல்லாம் செய்யச் சொன்னியரு?"

லாரி ஒன்று போனது. அது முடியட்டும் என்று இருந்தேன்.
அடுத்ததும் போனது.

அவள் போன் அடித்தது.
தக்கலையிலிருந்து ஒருவர், கண் பார்வை இல்லாதவர்,
பக்கத்தைப் போன் அவருக்கு வாசித்துச் சொல்லுமாம்.
"அந்த நீல மூடி போட்ட பெட்டிக்க தேனு கிட்டுமா?
ரெண்டு கிலோ."
எங்கே தேடி எங்களைக் கண்டுபிடித்தார் என்று
கேட்கச் சொன்னேன்.
தேடவில்லை. தங்கச்சி அனுப்பிய முகவரி.

தாளை வாங்கி நடுவில் கோடு போட்டேன்.
கம்பெனி நாளைக்கே கடை சாத்தினாலும்
செய்ய வேண்டியவை இடது பக்கம்.
அவன் சொன்னான் என்பதற்காக மட்டும் செய்தவை வலது பக்கம்.
படத்துக்கு எழுதிய வரி இடது பக்கம் போனது,
உறைகிற தேனும்.
வலது பக்கம் நிறைந்து வழிந்தது.
நாலு வரி எந்தப் பக்கமும் போகாமல்
கோட்டின் மேலேயே நின்றன.

விஜிலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
நோட்டுக்குள் வைத்து மூடினாள்.
படியிறங்கப் போனவள் திரும்பி
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"மூவாயிரத்துக்கு நூறு சுட்டி தருவானா?
வாங்கட்டா?"

"நேரடியாக வேண்டாம்"
என்றது என் வாய்.